குடிபெயராதது

காஸ்ட்ரோவில் மழைக்கு இது நான்காம் நாள்.
படகு நேரம் சொல்லும் எங்கள் செயலி
காலை ஆறுக்குள் வெளியே போயாக வேண்டும்,
நாளை முதல் குளிர்கால அட்டவணை.
நள்ளிரவு தாண்டி
கட்டுமானக் கருவி கையை விரித்தது:
ஜாவா பதினேழு வேண்டும்,
இப்போது ஓடுவது பதினொன்று.

பொய்.
போன வாரம்தான் நானே இறக்கி
நானே நிறுவினேன் பதினேழை.

முனையத்தைக் கேட்டேன். பதினேழு என்றது.
சூழல் மாறியைக் கேட்டேன்
(அதன் பெயரிலேயே வீடு இருக்கிறது),
முகவரியைத் தெரு விடாமல் ஒப்பித்தது,
கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் பதினேழு.
நிரல் எழுதும் மென்பொருளைக் கேட்டேன்.
அது தனக்கென்று ஒரு ஜாவாவை
மடியில் கட்டிக்கொண்டே வந்திருக்கிறது;
இருபத்தொன்று என்றது, கேட்காத பெருமையோடு.
ஒரே கணினி.
மூன்று சாட்சி.
பதினொன்றைக் கண்ணால் கண்டவர் ஒருவருமில்லை.

எங்கள் தீவில் வீடுகளே குடிபெயரும்.
பிப்ரவரியில் மான்சியாக்களின் வீட்டை
அடியில் உருளைக்கட்டை கொடுத்து
எட்டு ஜோடி எருதுகள் பூட்டி
கடலோரத்திலிருந்து மேட்டுக்கு இழுத்தோம்.
சன்னலில் திரைச்சீலை அப்படியே ஆடியது.
நானும் ஒரு வடம் பிடித்தேன்,
தோளில் தழும்பு இன்னும் இருக்கிறது.
மின்கட்டண ரசீது மட்டும்
மாதாமாதம்
கரையில் மிஞ்சிய நான்கு கால்களுக்கு வருகிறது.

அதை நினைத்துக்கொண்டுதான்
கேள்வியை மாற்றினேனா? தெரியவில்லை.
காபி ஆறியிருந்தது, அது நினைவிருக்கிறது.
வீட்டைப் பற்றி ஊரில் எல்லாரையும் கேட்டவள்
குடியிருப்பவரைக் கேட்கவில்லை.
கருவியையே கூப்பிட்டேன்:
உன் பதிப்பைச் சொல்,
நீ எதன் மேல் நிற்கிறாய் என்றும் சொல்.

இரண்டு வரி வந்தது.
அழைப்பது: பதினேழு.
உழைப்பது: பதினொன்று.

ஆக, வாசலில் குரல் கொடுப்பது ஒருவர்,
பின்கட்டில் கல் உடைப்பது வேறொரு பூதம்.
வேலையில்லாமல் மூன்று மணி நேரம் விட்டால்
தானே அடங்கிவிடுமாம் அந்தப் பூதம்.
நான் விட்டால்தானே.
பதினைந்து நிமிடத்துக்கொரு முறை
தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் அது எழுந்து
பழைய வீட்டிலிருந்தே வேலைக்கு வந்திருக்கிறது.

முகவரி கொடுத்தது யார்?
புள்ளியில் பெயர் தொடங்கும்,
பட்டியலில் முகம் காட்டாத ஓர் அடைவுக்குள்
அமைப்புக் கோப்பு ஒன்று.
அதில் ஒற்றை வரி,
சூழல் மாறியை விட மூத்த குரலில்:
ஜாவாவின் வீடு, பதினொன்று.

இந்தக் கணினி முன்பு டனிலோ கார்க்கமோவுடையது.
அவன் இப்போது புந்தா அரேனாஸில்
வேறு நிறுவனத்தில் இருக்கிறான்.
இரண்டரை மணிக்கு எழுதினேன், கூச்சமில்லாமல்.
குரல் பதிவு வந்தது, பாதி காற்று:
'அந்த வரியா, யாஸ்னா?
அன்றைக்கு எதைச் செய்தாலும் ஓடவில்லை.
அதைப் போட்டேன், ஓடியது.
ஏன் என்று பார்க்க நேரமில்லை.'

எனக்கும் இல்லை.
பூதத்தை நிறுத்தினேன்.
வரியை அழிக்கக் கை போய்
ஏனோ தயங்கி
அதன் தலையில் ஒரு கட்டக்குறி வைத்தேன்,
இருக்கும், ஆனால் பேசாது.
மறுபடி கேட்டேன்.
அழைப்பது பதினேழு. உழைப்பது பதினேழு.
நாலே காலுக்குப் பச்சை எழுத்து.

விடிந்து துறைக்கு நடந்தபோது
மான்சியாக்களின் பழைய இடத்தைக் கடந்தேன்.
நீர் ஏறியிருந்தது.
அந்த நான்கு கால்களில் ஒன்றில்
யாரோ படகு கட்டியிருந்தார்கள்.